பாலர்பள்ளியும் பல்லாங்குழியும்

குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதினும் செய்யக் கொடுப்பதே முதற்கல்வி. பினாங்கில் தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் பாலர்பள்ளிகளுக்கு ஆக்கப்படும் பயிற்றுத் துணைப்பொருள்களையும் இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

அவற்றுள் எளிதாகக் கிடைப்பது வண்ணந்தீட்டும் தாள். ஒரு மயில், ஒரு குத்துவிளக்கு, ஒரு கோலம். கோட்டைத் தாண்டாது குழந்தை வண்ணம் பூச வேண்டும். மயிலை நீக்கி வாத்தை வைத்தாலும் பாடம் மாறாது. அப்படியாயின் அங்கே பண்பாடு ஒட்டுப்படமே அன்றிப் பாடம் அன்று. இன்னொரு வகை, ஏரும் காளையும் ஏற்றக் கிணறும் காட்டுவது. ஜோர்ஜ் டவுன் குழந்தைக்கு அவை, வேற்றுநாட்டுப் பனிமனிதனைப் போலவே தொலைவானவை.

தொலைவில் தேடுவானேன்? லிட்டில் இந்தியாவே ஒரு பாடசாலை அன்றோ! 1833இல் எழுந்த குயின் வீதி மாரியம்மன் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் பூக்கடை உண்டு, மளிகைக்கடை உண்டு, பாத்திரக்கடை உண்டு. மாலை தொடுப்பவர் இரண்டு வெள்ளைப் பூவுக்கு ஒரு சிவப்புப் பூ வைத்துக் கட்டுகிறார். அடுத்து வருவது எது என்று குழந்தை கூறுமாயின், அது கணிதத்தின் முதற்படி. அதே முறையில் தானும் கட்டுமாயின் விரல்கள் எழுத்துக்கு ஆயத்தமாகின்றன.

கோலமும் அத்தகையதே. ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று எனப் புள்ளி வைத்தால் பதின்மூன்று வரும். மேலும் கீழும் ஒத்திருப்பதைக் குழந்தை கண்டு தெளியும். அச்சிட்ட கோலத்துக்கு வண்ணம் பூசுவதில் இக்கண்டறிதல் இல்லை. வாசலில் ஒட்டுக்கோலம் ஒட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

மொழிக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. தாள் தருவது பெயர்ச்சொல். செயல் தருவது வினைச்சொல். மயில், விளக்கு என்று சொல்லிக் குழந்தை நின்றுவிடும். பூவைத் தொடு, நாரை முடி, கோட்டை வளை, முத்தை அள்ளு, குழியைத் துடை என்னும்போதோ தமிழ் அதன் கையில் இயங்குகிறது. இவ்வினைகள் வழங்காத வீட்டிலும் வகுப்பிலும் மொழி பெயர்ப்பட்டியலாய்ச் சுருங்கும். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புக் கண்ட ஊருக்கு அஃது இழுக்காகும்.

நம் பொருளையே கையாண்டால் குழந்தை பிற இனத்தாரினின்று ஒதுங்கிவிடும் என்பாரும் உளர். பல்லாங்குழியே அதற்கு விடை. பதினான்கு குழிகளில் ஐந்தைந்தாக இட்டால் எழுபது முத்து. மலாய்ச் சிறுவரின் சொங்காக்கும் இவ்வினத்ததே. ஆயின் அதில் இரு கோடியிலும் காய் சேர்க்கும் பெருங்குழி உண்டு. இரண்டையும் அருகருகே வைத்து ஒற்றுமை வேற்றுமை காணச் செய்வதினும் சிறந்த பாடம் எது?

பிறநாட்டு முயற்சியும் இங்கு எண்ணத்தக்கது. பின்லாந்தில் 2015 முதல் ஆறு வயதினர்க்கு முன்பள்ளிக் கல்வி கட்டாயம். அங்கு விளையாட்டே கற்றலின் வழி. 1835இல் எலியாஸ் லோன்ரோட் தொகுத்து வெளியிட்ட கலேவலா அந்நாட்டாரின் பெருங்காப்பியம். மவ்ரி குன்னாஸ் 1992இல் அதனை நாய்கள் கதைமாந்தராய் வரும் படநூலாக்கினார். காப்பியத்தை வணங்கத் தராமல் மகிழத் தந்தார். இந்தியாவிலும் தாராபாய் மோடக் 1945இல் போர்டி என்னும் சிற்றூரில் மழலையர் கல்வியைத் தொடங்கி, விலைமிக்க கருவிகளுக்கு ஈடாக அவ்வூர்ப் பொருள்களைக் கைக்கொண்டார்.

எனினும் மரபு என்பதற்காக அனைத்தையும் ஏற்றல் தகாது. குன்றிமணி காண அழகியது, ஆனால் நச்சுவிதை. பாலர்பள்ளி வாயிலுக்குள் அது வருதல் ஆகாது. மூன்று வயதுக் குழந்தை கைக்கெட்டியதை வாயிலிடும். அதற்குப் புளியங்கொட்டையும் பொருந்தாது. ஐந்தாறு வயதினர்க்கே, அதுவும் ஆசிரியர் அருகிருக்க, அதனைத் தரலாம்.

ஆகவே, கற்றல் பொருளைத் தெரிவு செய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இதனைக் கொண்டு குழந்தை செய்வது யாது? செய்யும்போது பேசுவது யாது? இது அக்குழந்தை நடக்கும் தெருவில் உள்ளதா? இவற்றுக்கு விடை கூறாத பொருள் சுவரை அழகுபடுத்தலாம், குழந்தையை வளர்க்காது.