ஹார்டி ஒதுக்கிய 9801

ஜி. எச். ஹார்டி 1940-ல் எழுதிய 'எ மேத்தமட்டீஷியன்ஸ் அப்பாலஜி' புத்தகத்தில் ஒரு பத்தி எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். நான்கு இலக்க எண்களில், திருப்பி எழுதினால் வரும் எண்ணுக்கு மடங்காக இருப்பவை 8712, 9801 இரண்டு மட்டும்தான் என்கிறார். 8712 = 4 × 2178; 9801 = 9 × 1089. (5445 மாதிரி திருப்பினாலும் மாறாதவை, பூஜ்யத்தில் முடிபவை சேர்த்தியில்லை.) சொன்ன கையோடு, இது புதிர்ப் பகுதிக்கும் அமெச்சூர்களுக்கும் உரியது, கணிதக்காரரைக் கவர இதில் ஒன்றுமில்லை என்று ஒதுக்குகிறார். காரணம், இதைப் பொதுமைப்படுத்த வழியில்லையாம்.

கல்லூரியில் இதைப் படித்துவிட்டு எண் விளையாட்டு நோட்டை மூடி வைத்தவன் நான். ராமானுஜனைக் கண்டுகொண்ட மனுஷனே சொல்லிட்டார், அப்புறம் என்ன!

பிறகு வேலையில் ஒருநாள், ஒரு பைட்டின் உச்சமான 255-ஐ அதனாலேயே பெருக்கிய விடை திரையில் பதினாறு அடிமானத்தில் நின்றது: எஃப்ஈ01. பத்தில் 99 × 99 = 9801. இரண்டுக்கும் ஒரே சாடை. அடிமானத்தின் பெரிய இலக்கம், அதற்கு ஒன்று குறைந்தது, 0, 1.

எட்டில் போட்டுப் பாருங்க. 63-ன் வர்க்கம் 3969, எட்டடிமானத்தில் 7601. திருப்பினால் 1067, அதாவது நம் 567. 567 × 7 = 3969. சரியாக உட்காருகிறது.

அடிமானம் b என்றால் 1089-ன் இடத்தில் வருவது (b+1)(b²−1). இதை b−1 ஆல் பெருக்கினால் (b²−1)². மூன்று முதல் எந்த அடிமானத்திலும் இந்த ஜோடி திரும்பிய ஜோடிதான். இதைவிடப் பொதுமை என்ன வேண்டும்?

8712 இன்னும் சுவாரசியம். b-ஐ மீதியில்லாமல் வகுக்கும், b-ன் பாதியைவிடச் சிறிய ஒரு k எடுங்கள். k(b+1)(b²−1) என்ற எண்ணை (b/k)−1 ஆல் பெருக்கினால் அது திரும்பிவிடும். பத்துக்கு அப்படிப்பட்ட k இரண்டே: 1, 2. பெருக்கிகள் 9, 4. பன்னிரண்டுக்கு 1, 2, 3, 4 என நான்கு. அதில் k = 3-க்கு 3289 × 3 = 9823, k = 4-க்கு 4378 × 2 = 8734 (எல்லாம் பன்னிரண்டடிமானத்தில்). ஹார்டி தற்செயல் என்று பார்த்த 'இரண்டு'க்குப் பின்னால் பத்தின் வகுஎண்கள் உட்கார்ந்திருக்கின்றன. பத்தில் வேறு எதுவும் கிடையாது என்று காட்ட ஒவ்வொரு நிலையாகச் சோதிக்கத்தான் வேண்டும். அது அலுப்பான வேலை என்பதில் அவர் சொன்னது சரி.

அதே பத்தியில் அவர் தரும் இன்னொரு உதாரணம், இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் அதே எண் வரும் 153, 370, 371, 407. இதில் அவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 153-ஐ எட்டில் எழுதினால் 231, கனங்களின் கூடுதல் 36, கதை முடிந்தது. எட்டடிமானத்துக்குச் சொந்தப் பட்டியல் உண்டு: 134, 205, 660, 661... (370-க்குப் பக்கத்தில் 371, 660-க்குப் பக்கத்தில் 661. பூஜ்யத்தில் முடிந்தால் ஒன்று கூட்டினாலும் செல்லும், அவ்வளவுதான்.)

ஆக ஒரே பத்தியில் இரண்டு வேறு சரக்கை ஒரே கூடையில் போட்டுவிட்டார். எந்த எண் எந்தக் கூடை என்று தெரிய, அடிமானத்தை மாற்றிப் பார்த்தாலே போதும். அரை மணி நேர வேலை. அவர் அதைச் செய்ததாக அந்தப் பத்தியில் தடயமே இல்லை. நோட்டை மூடி வைத்த நானும் செய்யவில்லை.