நெகிழும் இறக்கையும் காக்கும் கணினியும்

விமானத்தின் இறக்கை நீண்டு ஒடுங்கியிருந்தால் எரிபொருள் மிச்சம். அதே எடையை அதே வேகத்தில் சுமக்கும்போது, இறக்கையின் நீளம் இருமடங்கானால் தூக்குவிசையின் துணைவிளைவாக எழும் இழுவை நான்கில் ஒன்றாகிவிடும். ஆனால் நீண்ட இறக்கை வளையும். வளையாமலிருக்க உலோகத்தைக் கூட்டினால் எடை ஏறி, கிடைத்த ஆதாயம் கரையும். ஆகவே இறக்கை நெகிழட்டும், அந்த நெகிழ்வைக் கணினி ஆளட்டும் என்பது அரை நூற்றாண்டாக வளர்ந்துவரும் வழிமுறை. இதை எதுவரை நம்பலாம்?

இறக்கையின் அசைவை முடுக்கமானிகள் உணர்கின்றன. கணினி எதிர்விசையைக் கணக்கிட்டு, ஐலரான் போன்ற அசையும் பரப்புகளை நொடிக்குப் பலமுறை திருத்துகிறது. இந்த ஒரே ஏற்பாட்டிடம் இரண்டு வேறுபட்ட வேலைகள் ஒப்படைக்கப்படுகின்றன. காற்றடியின்போதும் திருப்பங்களின்போதும் இறக்கையில் விழும் சுமையைக் குறைப்பது ஒன்று. ஃப்ளட்டர் எனப்படும் படபடப்பை அடக்குவது மற்றொன்று. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் காற்றோட்டத்திலிருந்தே ஆற்றலை உறிஞ்சிப் பெருகி, நொடிகளில் இறக்கையை முறிக்கவல்ல தன்னதிர்வு அது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் பல விவாதங்களின் குறை.

சுமைக் குறைப்பின் வெற்றிக்கு லாக்ஹீட் எல்-1011-500 பயணிகள் விமானம் நல்ல சான்று. அதன் இறக்கை மொத்தம் 9 அடி நீட்டப்பட்டது. சுமை ஏறும் வேளையில் இருபுற ஐலரான்களும் ஒருசேர அசைந்து, தூக்குவிசையை இறக்கை நுனியிலிருந்து உடற்பகுதிப் பக்கம் நகர்த்தின. இறக்கையைப் பெரிதாக வலுப்படுத்தாமலே நீளத்தின் பயன் கிடைத்தது. இன்றைய போயிங் 787 வரை இக்கருத்து தொடர்கிறது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. அமெரிக்க விமானப்படையின் சி-5ஏ சரக்கு விமானத்தின் இறக்கை எதிர்பார்த்ததைவிட விரைவில் களைப்புற்றது. 1970களில் சுமையைப் பகிரும் கட்டுப்பாடு பொருத்தப்பட்டது. அது ஆயுளை நீட்டியது, நோயைத் தீர்க்கவில்லை. 1980களில் அந்த விமானங்களுக்குப் புதிய இறக்கைகளே பொருத்த வேண்டியதாயிற்று. பலவீனமான கட்டமைப்புக்குக் கட்டுப்பாடு கால அவகாசம் வாங்கித்தரும், அவ்வளவே.

படபடப்பை அடக்குவதில் சோதனைச் சாதனைகள் குறைவல்ல. 1973இல் ஒரு பி-52 விமானம், இத்தகைய கட்டுப்பாட்டின் துணையால், படபடப்பு தொடங்கும் வேகத்தையும் தாண்டி 10 நாட் கூடுதலாகப் பறந்தது. கொள்கை உண்மை என்பதை அது காட்டிவிட்டது. பயணிகளை ஏற்றும் விமானத்தில் இதை அன்றாடக் காவலாக வைக்கலாமா என்பது வேறு கேள்வி.

அங்கேதான் குறைகள் கனக்கின்றன. எரிபொருள் தீரத்தீர இறக்கையின் இயல்பதிர்வெண்கள் மாறுகின்றன. வேகமும் உயரமும் அவற்றை மேலும் மாற்றுகின்றன. கணினியின் கட்டளை சற்றே தாமதித்தாலும் அதிர்வைத் தணிக்க வேண்டிய அசைவு அதை வளர்த்துவிடும். ஓர் அதிர்வு வகையை அடக்கும் முயற்சி, கணக்கில் வராத இன்னொன்றைத் தூண்டலாம். பரப்பை அசைக்கும் ஆக்சுவேட்டருக்கும் வேக வரம்பு உண்டு. அந்த வரம்பை எட்டியபின் எந்தக் கணிதமும் உதவாது.

எஃப்-16 போன்ற நிலைப்பற்ற போர் விமானங்களைக் கணினிதானே பறக்க வைக்கிறது என்று ஆதரவாளர்கள் கேட்பார்கள். அங்கே ஆள வேண்டியது முழு விமானத்தின் மெதுவான, நன்கறிந்த அசைவு. இறக்கையின் அதிர்வு அதைவிட வேகமானது, கணிக்கக் கடினமானது. மேலும், போர் விமானிக்கு வெளியே பாய ஓர் இருக்கை இருக்கிறது, பயணிக்கு இல்லை.

நம் அறிவின் எல்லையை நாசாவின் ஹீலியோஸ் உணர்த்தியது. ஏறத்தாழ 75 மீட்டர் நீள இறக்கை கொண்ட அந்த ஆளில்லா விமானம், 2003 ஜூன் 26 அன்று ஹவாயின் கவாய் தீவருகே காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. இறக்கை அளவுமீறி மேல்நோக்கி வளைந்தது; மூக்கு ஏறியிறங்கும் அலைவு பெருகி, வேகம் எல்லை கடந்து, விமானம் சிதைந்து கடலில் விழுந்தது. விமானத்தின் அமைப்பில் செய்த மாற்றங்களின் விளைவைக் கணிக்க அன்றைய பகுப்பாய்வு முறைகள் போதவில்லை என விசாரணைக் குழு முடிவுக்கு வந்தது.

பழுது நேரும் தருணமே இரு வேலைகளையும் தெளிவாகப் பிரிக்கிறது. சுமைக் குறைப்பு நின்றுபோனால் விமானி வேகத்தைத் தணித்து, பத்திரமாகத் தரையிறங்கலாம். படபடப்பைத் தடுப்பது நின்றுபோனால் அவருக்கு நேரமே இல்லை.

ஆகவே என் முடிவு இது: சுமைக் குறைப்புக்கு இக்கட்டுப்பாட்டைத் தயங்காமல் பயன்படுத்தலாம். படபடப்பைப் பொறுத்தவரை, அன்றாடம் பறக்கும் வேகங்கள் அனைத்திலும் இறக்கை தன் சொந்த விறைப்பாலேயே நிலைத்து நிற்க வேண்டும். அதற்கப்பாலுள்ள பாதுகாப்பு இடைவெளியை அகட்ட மட்டும் கணினி துணைநிற்கலாம். இதைத் தாண்டிச் செல்ல விரும்புவோர், மாற்றத்தக்க நெகிழ் இறக்கைகளோடு பறந்த எக்ஸ்-56ஏ போன்ற ஆளில்லா விமானங்களில் முதலில் நிரூபிக்கட்டும். பயணிகளின் உயிர் சோதனைப் பொருளாகக் கூடாது.