கோதையார் கண்ட ஆயர்பாடி

ஓரிடத்தில் இருப்பவர் பிறிதோரிடத்தில் வாழ்வதாக உணர்தல் இலக்கியத்துள் பெரிதும் பயிலும் நிலையாகும். திருவில்லிபுத்தூரில் தோன்றிய கோதையார் அவ்வூரை ஆயர்பாடியாகவும், வடபெருங்கோயிலை நந்தகோபர் மாளிகையாகவும், தோழியரை ஆய்ச்சியராகவும் பாவித்துத் திருப்பாவை பாடினார் என்பது வைணவ மரபு. பாவனை முதிர்ந்தபோது அவர்தம் நடையும் பேச்சும் ஆய்ச்சியர்க்கு உரியனவாயின என்றும், மேனியில் பால் தயிர் நாற்றமும் வீசியது என்றும் கூறுவர். இம்மரபினைக் கொண்டு, அவர் தம்மையும் தம் ஊரையும் அறவே மறந்து பாடினார் என முடிவு செய்வாரும் உளர். அம்முடிவு நூலொடு பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. தம்மை முற்றும் மறந்த நிலையிற் பிறந்த பாட்டெனின், அஃது அவர்பால் நிகழ்ந்தது என்னலாமேயன்றி, அவர் ஆக்கியது என்னல் அரிது. ஆகவே இவ்வினா கோதையாரின் புலமையைப் பற்றிய வினாவுமாகும்.

முதற்கண், ஆயர்பாடி நம் கண்முன் எவ்வாறு எழுகின்றது எனக் காண்போம். ஏழாம் பாட்டில் தயிர் கடையும் ஓசை செவியிற் படுகின்றது. எட்டாம் பாட்டில் கீழ்வானம் வெளுக்க, எருமைகள் சிறுபொழுது மேயச் செல்கின்றன. பன்னிரண்டாம் பாட்டில் கறப்பாரின்றித் தானே சொரியும் பாலால் வீடு சேறாகின்றது. வாயிலிற் காத்து நிற்கும் பெண்களின் தலைமேற் பனி வீழ்கின்றது. பதின்மூன்றாம் பாட்டில் வெள்ளி எழ, வியாழம் மறைகின்றது. ஊரின் அழகைப் புகழும் அடைமொழிகளால் மட்டும் இவ்வூர் அமையவில்லை. கேட்டல், காணல், உறல் என்னும் புலனறிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அமைகின்றன. தலையிற் பனி வீழ நிற்பவள் அவ்விடத்து இருப்பவளே என்னும் உணர்வு கற்பார்க்கு எளிதில் உண்டாகின்றது.

இனி, அப்பாட்டுகளுள்ளேயே வேறொரு குறிப்பும் உண்டு. ஆறாம் பாட்டில் திருமால் கோயிலின் வெண்சங்கு முழங்குகின்றது. பதினான்காம் பாட்டில் துறவியர் தம் கோயிலிற் சங்கொலிக்கச் செல்கின்றனர். கண்ணன் சிறுவனாய் நந்தகோபர் இல்லத்துத் துயில்கொள்ளும் ஊரில், விடியலை அறிவிக்கும் சங்கு கோயிலினின்று எழுகின்றது. ஆயர்பாடியிலும் கோயில் இருந்திருக்கலாகாதோ எனின், இருந்திருக்கலாம். ஆயினும், கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த ஓர் ஊரின் வைகறையே இங்கு உட்புகுந்துள்ளது எனக் கொள்வது இயல்பாகத் தோன்றுகின்றது. பாவித்த ஊரினூடே பிறந்த ஊரும் ஒலிக்கின்றது என்க.

இக்கருத்துக்கு வலிய சான்று முப்பதாம் பாட்டில் உள்ளது. முன்னைய பாட்டுகளில் பேசுவோர் 'நாம்' என்றும் 'யாம்' என்றும் தம்மைக் குறிக்கும் ஆய்ச்சியர். இறுதிப் பாட்டிலோ அவர்கள் படர்க்கையாகின்றனர். அவர்கள் பறை பெற்ற இடமும் 'அங்கு' என்னும் சேய்மைச் சுட்டாற் குறிக்கப்படுகின்றது. அதுகாறும் 'இங்கு' ஆக இருந்த ஆயர்பாடி ஒரு சொல்லால் 'அங்கு' ஆகின்றது. பாடியவர் புதுவைப் பட்டர்பிரானின் மகள் கோதை என்பதும் வெளிப்படுகின்றது. பெயர் பொறித்து முடித்தல் ஆழ்வார் பலர்க்கும் பொதுமரபு அன்றோ என வினவலாம். பெயர் பொறித்தல் பொதுமரபே. ஆயின் ஆய்ச்சியரைப் படர்க்கையிற் சுட்டியதும், ஆயர்பாடியைச் சேய்மையில் நிறுத்தியதும் அம்மரபினால் மட்டும் அமைந்தன அல்ல; இரண்டிடத்தையும் ஒருங்கே அறிந்த உள்ளத்தின் செயல்கள் அவை.

நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழியும் இதனை வலியுறுத்தும். திருமண நிகழ்ச்சிகள் முறையே கண்முன் நிகழ்வனபோல் விரிகின்றன. அம்மி மிதித்தலும் பொரி இடுதலும் அவற்றுள் அடங்கும். எனினும், பத்துப் பாட்டும் தோழியை விளித்துக் கண்டது கனவென்று உரைத்தே முடிகின்றன. கனவென்று பன்முறை கூறியும் காட்சியின் உறுதி சிறிதும் குன்றவில்லை.

இக்காலத்தில் கண்ணை மறைக்கும் கருவியொன்றை அணிந்து, மெய்ந்நிகர் உலகிற் புகுவோரிடத்தும் இத்தன்மை காணப்படுகின்றது. ஆழ்ந்த பள்ளத்தின் விளிம்பில் நிற்பதாகக் காட்சி தோன்றுங்கால், தாம் நிற்பது அறையின் தரையே என நன்கறிந்தவர்க்கும் நெஞ்சு துடிக்கின்றது. அடி எடுத்துவைக்கத் தயங்குகின்றனர். ஆண்டு இருத்தல் என்னும் உணர்வு எழுதற்கு ஈண்டு இருத்தலை மறத்தல் வேண்டுவதன்று என்பது இதனால் விளங்கும். வேறுபாடு ஒன்றுண்டு: கருவி புறத்தே காட்சி அமைத்துக் கண்முன் தருகின்றது, கோதையார் சொல்லொன்றே கொண்டு கற்பார் உள்ளத்தே அதனை அமைக்கின்றார்.

அச்சொல்லின் ஆற்றல் அவர் காலத்தோடும் ஊரோடும் நின்றுவிடவில்லை. திருவில்லிபுத்தூருக்கு அணித்தே, பஞ்சாலைகளாற் பெயர்பெற்ற இராசபாளையத்தில் ஒருவர் மார்கழி விடியலில் திருப்பாவை ஓதுகின்றார் எனக் கொள்வோம். அவர் இல்லத்தில் மத்தின் ஓசை இல்லாதிருக்கலாம். வாயிலில் எருமையும் இல்லாதிருக்கலாம். எனினும் 'நாம்' என்று பாடும் அளவில் அவரும் ஆயர்பாடி வாயிலில் நிற்கின்றார். முப்பதாம் பாட்டை எய்தியதும், கோதையின் பெயர் கேட்டுப் புதுவை வழியே தம் ஊர்க்கு மீள்கின்றார். தம்மை அறவே மறந்தவர் பிறரை இவ்வாறு அழைத்துச் சென்று மீட்டுக்கொணர்தல் அரிது. ஆதலின் ஆயர்பாடி கோதையார் மயங்கிப் புகுந்த ஊர் அன்று, அறிந்தே அமைத்து அதனுள் மெய்யாக வாழ்ந்த ஊர் என்று கொள்வதே நூற்கு இயைந்த முடிபாகும்.