புலிகள் உருகின, பெயர் உருகவில்லை

‘குழந்தைப் புத்தகத்தில் போய் அரசியல் தேடணுமா?’ என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்காக ஹெலன் பானர்மனின் ‘லிட்டில் பிளாக் சாம்போ’வை எடுத்துக்கொள்கிறேன். 1899இல் லண்டனில் வந்த புத்தகம். எழுதியவர் ஸ்காட்லாந்துக்காரர், இந்திய மருத்துவப் பணி அதிகாரியின் மனைவியாகச் சென்னையில் வாழ்ந்தவர். கதையில் புலிகள் ஒன்றையொன்று துரத்தி நெய்யாக உருகுகின்றன. ஆக, களம் இந்தியா. ஆனால் பையனின் பெயர், ஆப்பிரிக்க வம்சாவளியினரை இழிவுபடுத்த வெள்ளையர் பயன்படுத்திய சொல். படங்களிலும் அதே கேலி முகம். காலனியப் பார்வைக்குக் கறுப்பு என்றால் போதும். எந்த மண்ணின் கறுப்பு என்பது பொருட்டே இல்லை.

காப்புரிமை 5 பவுனுக்குக் கைமாறியது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஆளாளுக்குப் படம் போட்டார்கள். இந்தியக் காடு மறைந்து தென்மாநிலப் பண்ணை வந்தது.

பையன் புத்திசாலி, புலிகளிடமே பேரம் பேசித் தப்பிக்கிறானே என்று வாதிடுகிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் பிரதி தனியாக உலவுவதில்லை. பெயரோடும் படத்தோடும் வகுப்பறைக்குள் வருகிறது. வெள்ளைக் குழந்தைக்கு வேடிக்கையாக இருப்பது கறுப்புக் குழந்தையைப் புண்படுத்தும் என்று கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1930களிலேயே எச்சரித்தார். 1956இல் டொரான்டோவின் கறுப்பின மக்கள் முறையிட்டு, பள்ளிகளிலிருந்து இதை நீக்கவைத்தார்கள். இதைத் தணிக்கை என்று கூச்சலிடுபவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அதிகாரம் மேலிருந்து வெட்டுவதும், அடிபட்டவர் ‘என் பிள்ளைக்கு இது வேண்டாம்’ என்பதும் ஒன்றல்ல.

அதற்காக, நீக்கிவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஜப்பானில் 1988இல் விற்பனையை நிறுத்தினார்கள். 2005இல் பழைய படங்களோடே திரும்பி வந்துவிட்டது. அலமாரி காலியானால் பார்வை மாறிவிடுமா என்ன?

1996இல் இரண்டு மறு உருவாக்கங்கள் வந்தன. ஃபிரெட் மார்செலினோ பையனுக்குப் ‘பாபாஜி’ என்று பெயரிட்டு இந்தியப் படங்கள் வரைந்தார். நமக்குச் சந்தோஷம், நம்ம கதை நமக்கே வந்துவிட்டதென்று. ஆனால் இங்கே கறுப்பினக் குழந்தையே கதையிலிருந்து போய்விடுகிறது. ஜூலியஸ் லெஸ்டரும் ஓவியர் ஜெர்ரி பிங்க்னியும், இருவரும் கறுப்பினத்தவர், வேறொன்று செய்தார்கள். அவர்கள் படைத்த ஊரில் எல்லோருக்கும் பெயர் சாம். ஒருவனை மட்டும் சுட்டிய விரல் அங்கே செயலிழக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த எதிர் எழுத்துதான். ‘கறுப்பி’ என்பது இன்னமும் வகுப்பறையில் கேலிப்பெயராக இருக்கும் நம் ஊரில், சிறுவர்களுக்கு எழுதுகிறவர்கள் இதில் கற்க நிறையவே இருக்கிறது.