கல்லாவின் போதை

அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் ஆடு பிடிக்க வந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: 'கள்ளு எறக்குனா கேசு, பிராந்தி வித்தா கவர்மெண்டு. என்ன நாயம் தம்பி இது?'

குடிப்பது தனிமனித உரிமை என்றே நானும் நினைக்கிறேன். குடிப்பவனைத் திருத்தக் கிளம்பும் ஒழுக்கவாதத்தோடு எனக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் பெரியவரின் கேள்வி இந்த உரிமைப் பேச்சையே கலைத்துப் போடுகிறது.

1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாய்க்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் கடைகள் திறந்தன, வரி போகவில்லை. 1987இல் கள்ளுக்குத் தடை. 2003இல் சில்லறை விற்பனை முழுதும் டாஸ்மாக் கைக்குப் போனது. எதைக் குடிப்பது, எங்கே வாங்குவது, என்ன விலை, எல்லாம் அரசே தீர்மானிக்கிறது. இதில் குடிப்பவனின் தேர்வு எங்கே இருக்கிறது? குடிக்காமலே அதன் விலையைக் கொடுக்கும் அவன் வீட்டுப் பெண்ணின் சுதந்திரம் எந்தக் கணக்கில் வருகிறது?

2015இல் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானார். ஆக, குடிக்கலாம், பாடக்கூடாது. குடிநோயாளி என்று தனிமனிதனை மட்டும் சுட்டுகிறோம். கடையை மூடச் சொன்னதும் கை நடுங்குவது யாருக்கு என்று பார்த்தால், மருத்துவம் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.