நீருக்கு மேல் கொம்புகள்

வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு மான் வேட்டைப் படம் இருக்கிறது. ஜெர்மானிய ஓவியர் மூத்த லூக்காஸ் கிரானாக் 1529-இல் வரைந்தது. மரப்பலகைமீது எண்ணெய் வண்ணம். உயரம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர், அகலம் 114. இரண்டு கைகளையும் விரித்தால் அடங்கிவிடும் அந்தப் பலகைக்குள் காடு, ஆறு, தொலைவில் கோட்டை, குதிரைகள், வேட்டை நாய்கள், மூன்று ஆட்சியாளர்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் பார்த்து முடித்துத் திரும்பும்போது மனத்தில் நிற்பவை மான்கள்தான்.

நாய்கள் நெருக்க, கலைமான்கள் போக்கிடமின்றி ஆற்றில் இறங்கியிருக்கின்றன. நீந்தும் மானுக்கு உடம்பு வெளியே தெரியாது. கழுத்தை நிமிர்த்தி, மூக்கைத் தூக்கி, கொம்பைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு போகும். தண்ணீருக்கு மேலே கவைகவையாக நிற்கும் கொம்புகளை மட்டும் பார்த்தால், வெள்ளத்தில் சாய்ந்த மரம் மிதந்து வருகிறதோ என்று தோன்றும். தமிழில் இதற்கு உவமை தேடவே வேண்டாம். மானின் தலையில் இருப்பதும் கொம்பு, மரத்தில் இருப்பதும் கொம்பு. நம் மொழி இரண்டையும் என்றைக்கோ ஒன்றாகப் பார்த்துவிட்டது.

கிரானாக்கை அறிந்தவரான கிறிஸ்டோஃப் ஷாய்ர்ல் என்ற அறிஞர் 1509-இல் அவரைப் புகழ்ந்து எழுதியதில் இதே மயக்கம் வருகிறது. கோபுர்க்கில் கிரானாக் தீட்டிய மான் கொம்புகளைக் கிளைகள் என்று எண்ணிப் பறவைகள் வந்து உட்காரப் பார்த்து, தரையில் விழுந்தனவாம். ஓவியரை இப்படிப் புகழ்வது அந்தக் காலத்து வழக்கம். பழைய கிரேக்கத்தில் வரைந்த திராட்சைக் குலையைப் பறவைகள் கொத்திய கதையின் பேரப்பிள்ளை இது. நான் பெரிதாக மதிப்பது அதே எழுத்தில் உள்ள இன்னொரு செய்தியை. அரசர்கள் வேட்டைக்குப் போகும்போது கிரானாக்கையும் அழைத்துப் போவார்கள். அவர் கையோடு ஒரு பலகையைக் கொண்டுபோய், வேட்டை நடக்கிறபோதே அங்கேயே வரைவார் என்கிறார் ஷாய்ர்ல். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து வந்த வியன்னாப் படத்தில் அந்தப் பழக்கம் தெரிகிறது. அரண்மனை அறைக்குள் உட்கார்ந்து கற்பனை செய்தவருக்குக் கிடைக்காத நிதானம் அது.

கரையில் மரங்களையும் புதரையும் மறைவாக வைத்துக்கொண்டு அரசர்கள் குறுக்குவில்லோடு இருக்கிறார்கள். தண்டின் குறுக்கே வில்லைப் பொருத்தியிருப்பதால் அந்தப் பெயர். சாதாரண வில்லை வளைத்தபடி நெடுநேரம் நிற்க முடியாது. தோள் நடுங்கும், விரல் நழுவும். மான் அருகே வந்த பிறகு இழுக்கலாமென்றால் கையின் அசைவே அதற்கு எச்சரிக்கை ஆகிவிடும். குறுக்குவில்லில் நாணை முன்னதாகவே ஏற்றிப் பூட்டிவிடலாம். அப்புறம் வேட்டைக்காரருக்கு வேலை ஒன்றுதான்: அசையாமல் காத்திருப்பது. கரையில் அப்படி ஓர் அசைவின்மை, நீரில் அத்தனை கொந்தளிப்பு. இந்த இரண்டையும் ஒரே பார்வையில் வைத்ததுதான் படத்தின் உயிர் என்பேன்.

நாணைப் பூட்டிவைக்கும் அந்தச் சிறு உறுப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அது ஒரு சிறிய உருளை. உள்ளங்கைக் குழிக்குள் அடங்கும். மேல்பக்கம் நாண் மாட்ட ஒரு வெட்டு, கணையின் அடி வந்து பொருந்த நடுவில் ஒரு பிளவு, கீழே விசையின் முனை வந்து முட்டுக்கொடுக்க ஓர் இடம். பல வில்களில் அதற்கு இரும்பு அச்சுக்கூடக் கிடையாது. நடுத்துளை வழியாகக் கயிற்றைக் கோத்துத் தண்டோடு கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டிலேயே அது சுழலும். விசையை அழுத்தினால் முட்டு விலகும், உருளை முன்னே உருளும், நாண் விடுபடும். அந்த உருளையை எதில் செய்தார்கள் என்றால், மான் கொம்பில். இழுவிசை முழுவதையும் தாங்கியும் பிளக்காத உறுதி அதற்கு உண்டு. கணை நழுவாமல் அதன் முதுகை மெல்ல அழுத்திப் பிடித்திருக்கும் சிறு பட்டையும் பெரும்பாலும் கொம்புதான்.

வில்லும் அப்படியே. எஃகு வில் வந்துவிட்ட காலத்திலும் கொம்பையும் நரம்பையும் அடுக்கி ஒட்டிய வில்லை விட்டுவிடவில்லை; கடுங்குளிரில் எஃகு முறியக்கூடும் என்ற அச்சம் இருந்தது. வளைவின் உட்புறம் கொம்பு, வெளிப்புறம் விலங்கின் தசைநார், இரண்டையும் பிடித்திருக்கும் பசை, ஈரம் புகாமலிருக்க மேலே பூர்ச்ச மரப்பட்டை. வுர்ட்டெம்பெர்க் பிரபு ஐந்தாம் உல்ரிக்குக்காகச் செய்து 1460 என்று ஆண்டும் பொறித்த அத்தகைய ஒரு குறுக்குவில் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தந்தம்போல் பளபளக்கும் தகடுகளைத் தண்டு நெடுகப் பதித்துச் செதுக்கியிருக்கிறார்கள். கொலைக்கருவிக்கு எதற்கு இத்தனை அழகு என்று சிலர் கேட்கலாம். விலங்குகளையே உரித்துக் கோத்துச் செய்த பொருள் அது. செய்தவன் அந்த உடல்களை வீணாக்க விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தனை வலுவான வில்லை வெறுங்கையால் நாணேற்ற முடியாது. ஜெர்மானியர் அதற்கென்று ஒரு தனிக் கருவி வைத்திருந்தார்கள். பற்கள் வெட்டிய நீண்ட இரும்புச் சட்டம், அதைக் கடித்து இழுக்கும் பற்சக்கரம், சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. லாரி டயர் மாற்றும்போது ஜாக்கியைச் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம், இல்லை, அந்த வேகமின்மை விளங்கும். சுற்றச் சுற்ற நாண் மயிரிழை மயிரிழையாகப் பின்னே வரும். ஒரு கணை போனால் அடுத்ததற்கு மறுபடி அத்தனை சுற்று. கணையும் குட்டையானது, தடித்தது. அம்புக்கு இருப்பதுபோல் மூன்று இறகுகள் இல்லாமல் பெரும்பாலும் இரண்டே சிறகுகள். ஓடுகிற மானின் பின்னால் இதைத் தூக்கிக்கொண்டு ஓட வழியில்லை. அதனால்தான் மானை வில்லிடம் ஓட்டி வந்தார்கள். காடு கலைக்க ஆள், துரத்த நாய், தடுக்க ஆறு. படத்தின் அமைப்பு முழுவதும் அந்தப் பற்சக்கரத்தின் மந்த நடையிலிருந்து பிறந்தது.

துப்பாக்கி அப்போதே வந்துவிட்டது. ஆனாலும் வேட்டையில் குறுக்குவில் நெடுங்காலம் நிலைத்தது. புகை இல்லை, மருந்து நமுத்துப்போகும் கவலை இல்லை, காடே கலைகிற வெடியோசையும் இல்லை. நாண் விடுபடும்போது ஓர் அடிச் சத்தம், அவ்வளவே.

படத்தின் ஆண்டைப் பிடித்துக்கொண்டு யோசித்தால் இன்னொரு நயம் புலப்படும். அதில் வில்லேந்தியிருக்கும் மூவர் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன், சாக்ஸனியின் இளவரசர் அறிஞர் ஃபிரெடரிக், அவர் தம்பி யோஹான். மாக்ஸிமிலியன் 1519 ஜனவரியில் இறந்துவிட்டார். ஃபிரெடரிக் 1525 மே 5-இல் இறந்தார், அதுவும் லோக்காவ் என்ற தம் வேட்டை மாளிகையில். படம் வரைந்த 1529-இல் யோஹான் ஒருவரே உயிரோடு இருந்து ஆண்டுகொண்டிருந்தார். ஆக, இது நடந்துகொண்டிருந்த வேட்டையின் பதிவு அன்று. போய்விட்ட அண்ணனையும் பேரரசரையும் தம்பியின் பக்கத்தில் மறுபடி கொண்டுவந்து உட்காரவைத்த நினைவு. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்தக் கரையில் நிலவும் அமைதி வேறு மாதிரி கனக்கிறது.

இந்த அழகுக்கு விலை கொடுத்தவர்களையும் மறக்கக்கூடாது. பயிரை மேய்ந்த மானை விரட்டக்கூடப் பயந்து வாழ்ந்தவர்கள் அந்நாட்டு உழவர்கள். வேட்டை உரிமை மேலோருடையது. 1525-இல் உழவர்கள் மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதியபோது, காட்டு விலங்கையும் மீனையும் எடுக்கும் உரிமைக்கென்றே ஒன்றை ஒதுக்கினார்கள். கிளர்ந்தெழுந்த உழவர் படை ஒன்றை அந்த மே மாதமே ஃபிராங்கென்ஹவுஸனில் இரத்தத்தில் அடக்கினார்கள். கிரானாக்கின் நெருங்கிய நண்பரான மார்ட்டின் லூதருக்கும் வேட்டை பிடிக்கவில்லை. 1521-இல் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த நாட்களில் ஒருமுறை வேட்டைக்குப் போனவர், அகப்பட்ட முயற்குட்டியைத் தம் அங்கியின் கையில் சுருட்டி ஒளித்துவைத்தார். நாய்கள் மோப்பம் பிடித்து, துணியோடு கடித்து அதைக் கொன்றுவிட்டன. இதை லூதரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கிரானாக் முயலை ஒளித்துவைத்தவர் அல்லர். அரசவை ஓவியர், சொன்னதை வரைந்தவர். ஆனால் எங்கே எதை வைப்பது என்பது தூரிகை பிடித்தவர் கையில் இருந்தது. அரசர்களை ஓரத்தில் மர நிழலில் வைத்தார். நட்ட நடுவே, வெளிச்சம் விழும் நீரில், மான்களை வைத்தார். 1540-களில் அவரும் அவர் மகனும் டோர்காவ் கோட்டையைப் பின்புலமாக வைத்து இதே ஏற்பாட்டைத் திரும்பவும் வரைந்தார்கள். அவற்றுள் சில கிளீவ்லாந்திலும் மாட்ரிட்டின் பிராடோவிலும் இருக்கின்றன. அவற்றில் கோட்டை பெரிதாக எழுந்து கண்ணை மேலே இழுத்துவிடுகிறது. என் கணக்கில் 1529-ஆம் ஆண்டுப் படமே உயர்ந்தது.

வியன்னாவுக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்கு அமைந்தால், பேரரசரின் முகத்தைத் தேடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆற்றைப் பாருங்கள். நீருக்கு மேலே தெரியும் கொம்புகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.