மாம்பூவும் இலையானும்

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்பொன்றின் உரிமையாளர், நான் யாழ்ப்பாணத்தான் என்று அறிந்தவுடன், "உங்க ஊர்ல தோப்புன்னு சொல்ல என்னங்க இருக்கு? வீட்டுக் கொல்லையில நாலு மரம் நிக்கும், அவ்வளவுதானே?" என்றார். அவர் மனத்தில் வன்மம் இல்லை. சொன்னதும் பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அந்த நாலு மரமும் எவ்வாறு காய்க்கின்றன என்று விசாரிக்கப் புகுந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் மாவைத் தவிர வேறொன்றும் இல்லாத அவருடைய தோப்பின் விஸ்தீரணமே ஒரு குறையாகத் தோன்றும் என்பது என் அபிப்பிராயம்.

மா காற்றை நம்பிக் காய்க்கிற விருட்சம் அன்று. ஒரு பூங்கொத்தில் 1,000க்கு மேற்பட்ட பூக்கள் இருக்கக்கூடும். ஆனால் அவற்றுள் அநேகம் ஆண்பூக்கள். காய்க்கவல்ல இருபாற் பூக்களிலும் மகரந்தம் தரும் கேசரம் பெரும்பாலும் ஒன்றுதான். மகரந்தமோ பிசுபிசுப்பானது, தேனும் அற்பம். ஆகையால், வேறு பூ கிடைக்குமிடத்துத் தேனீக்கள் பலவும் மாம்பூவை அத்துணை மதிப்பதில்லை. அதனிடம் சிரத்தையோடு வருபவை ஈக்களே. நாங்கள் இலையான் என்போம்.

தை மாசியில், பனி காய்ந்து வெயில் ஏறும் வேளையில், பூத்த கறுத்தக்கொழும்பான் மாவின் கீழ்க் கிளையொன்றைத் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பச்சையும் நீலமுமாக உலோகம்போல் மினுங்கும் பெரிய இலையான் பூவின் மேல் நடந்து, நடுவிலுள்ள வட்டத்தை நக்கி, நெஞ்சு மயிரில் தூள் ஒட்ட அடுத்த பூவுக்குப் போகும். குளவியின் வரிகளைத் தாங்கி அந்தரத்தில் அசையாமல் நிற்கும் வேறோர் ஈயும் வரும். அதன் புழு எங்கள் பயற்றங்கொடியில் மொய்க்கும் அழுக்கணவனைத் தின்று வளர்வது. அழுக்கணவனைத் தமிழகத்தார் அசுவினி என்கிறார்கள். கொட்டாத சிறு தேனீ ஒன்றும் வரும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் கொசுத்தேனீ. கொசுவை நுளம்பு என்றே சொல்லிப் பழகிய எனக்கு அப்பெயர் பிடிபடச் சிறிது நேரம் ஆயிற்று.

இவை யாவும் எங்கள் வீட்டு வளவிலேயே பிறந்து வளர்பவை. மாட்டுக்கொட்டிலும், அதன் பின்னால் எருக்குவியலும், பழைய மண்சுவரின் வெடிப்பும், கிளுவையும் பூவரசும் நிற்கும் வேலியும், மீன் கழுவிய தண்ணீரை மரத்தடியில் ஊற்றும் எங்கள் பெண்களின் வழக்கமும் சேர்ந்தே அவற்றைப் போஷிக்கின்றன. அவுஸ்திரேலியாவிலும் தைவானிலும் மாப் பயிரிடுவோர் ஈக்களை அழைப்பதற்கென்றே அழுகிய மீனைத் தோட்டத்தில் வைப்பதுண்டு. எங்கள் ஆச்சிமார் அவ்வித நோக்கம் எதுவுமின்றி அதே உபகாரத்தைச் செய்து வந்தார்கள்.

தமிழகத்துத் தோப்புகளைப் பூக்காலத்தில் நெருங்கி அறிந்தவர்கள் சொல்வதைக் கொண்டு பேசினால், அங்கே நிலம் அடிக்கடி உழப்பட்டுத் துப்புரவாக இருக்கிறது. தத்துப்பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிவிடும் என்னும் நியாயமான அச்சத்தால் பூக்கும் வேளையிலேயே மருந்தும் அடிக்கப்படுகிறது. அம்மருந்து தத்துப்பூச்சிக்கும் இலையானுக்கும் பேதம் பாராட்டுவதில்லை. தேனீ வளர்ப்பில் அவர்களுடைய கீர்த்தி பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. திருச்சிராப்பள்ளியில் 1911 அளவில் நியூட்டன் பாதிரியார் வகுத்த பெட்டியும், மார்த்தாண்டத்துத் தேனும் எவரும் மெச்சத்தக்கவை. சேலத்து மல்கோவாவின் சுவையைக் குறைத்துச் சொல்லவும் துணியேன். ஆயினும் பெட்டியில் வளரும் ஈயினால் கொட்டிலில் வளரும் ஈயின் வேலை முற்றும் நிறைவேறுமென்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் மிளகாய்த் தோட்டங்களிலும் வெங்காயத் தோட்டங்களிலும் மருந்து குறைவாகவா தெளிக்கப்படுகிறது என்று கேட்பார்கள். கேட்கட்டும், அது தோட்டத்தின் பாவம், வளவின் பாவம் அன்று. எனக்கு உள்ளபடியே வருத்தம் தருவது வேறு. வெளிநாட்டுப் பணத்தில் எழும்பும் வீடுகளைச் சுற்றி வேலி போய் மதில் வந்துவிட்டது. மாடில்லை, கொட்டிலில்லை, முற்றத்துக்குச் சீமெந்து போட்டாயிற்று. அத்தகைய வளவுகளிலும் அம்பலவியும் செம்பாட்டானும் மரம் நிறையப் பூக்கவே செய்கின்றன. பிஞ்சு மட்டும் முன்போலப் பிடிக்கவில்லை என்று சொல்லி, இன்ன உரம் வைக்கலாமா, இன்ன மருந்து அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். பூவில் இலையான் இருக்கிறதா என்று கிளையைத் தாழ்த்திப் பார்த்தவர் ஒருவரையும் நான் காணவில்லை.